பிறவிக் கொப்புள நோயும் மரபணுவும்: கேள்வி பதில்

கேள்வி: பிறந்த அன்றே குழந்தைக்குக் கை கால்களில் கொப்புளம். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா (லேசாக உரசினாலே தோல் பிரிந்து கொப்புளிக்கும் மரபணு நோய்) என்கிறார்கள். இரு குடும்பத்திலும் யாருக்கும் இல்லையே?

பதில்: குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரலாம், காரணம் கீழே வருகிறது. தோல் எந்த மட்டத்தில் பிரிகிறது என்பதுதான் முதல் கேள்வி. மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள் பிரிந்தால் சிம்ப்ளக்ஸ் வகை. பெரும்பாலும் கெரட்டின் 5 அல்லது 14 என்ற புரதத்தின் மரபணுவில் பிறழ்வு, அதாவது பழுதான மாற்றம். மேல்தோலுக்கு அடியில் அதைப் பிடித்து நிறுத்தும் அடித்தளச் சவ்வுக்குள் பிரிந்தால் ஜங்ஷனல். பெரும்பாலும் லாமினின் 332, அல்லது 17ஆம் வகை கொலாஜன் புரதத்தின் மரபணுவில் பிறழ்வு. சவ்வுக்குக் கீழே என்றால் டிஸ்ட்ரோஃபிக். 7ஆம் வகை கொலாஜன். பச்சிளம் குழந்தையின் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்து வகை சொல்ல முடியாது. பிளாஸ்திரி மட்டும் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

கேள்வி: தொட்டால் பரவுமா?

பதில்: பரவாது.

கேள்வி: அப்பாவுக்கு 60 வயதில் திடீரென வாய்ப்புண்ணும் கொப்புளமும். இதுவும் மரபணுவா?

பதில்: அந்த வயதில் புதிதாக வருவது பெரும்பாலும் பெம்ஃபிகஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவது), அல்லது மருந்து ஒவ்வாமை. தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெற்றோர் நலமாக இருந்தால் ஒடுங்கு வகை, அதாவது தாயிடமும் தந்தையிடமும் வந்த இரு மரபணுப் பிரதிகளும் பழுதானால்தான் வரும் வகைதானே? அடுத்த குழந்தைக்கு 25 சதவீதம் என்று சொல்லிவிடலாமே, ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: சொல்லக் கூடாது. 7ஆம் வகை கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. அந்த முறுக்கில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வேண்டும். அதைவிடச் சிறிய அமினோ அமிலம் இல்லை. அங்கே பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு கெடும். ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வு என்றாலும், மூன்று இழையும் நல்லதாக அமைவது எட்டில் ஒன்றுதான். இது ஓங்கு வகை, ஒரு பிரதி பழுதானாலே நோய். கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாகவும் தோன்றும். அப்போதும் பெற்றோர் நலமாகவே இருப்பார்கள்! மறுபுறம், ஒரு பிரதி புரதமே தராமல் நின்றுபோனால் மற்றது தரும் பாதி போதும். அவர் நோயற்ற கடத்தி, பழுதான பிரதியைப் பிள்ளைக்குத் தரக்கூடியவர். தாய் தந்தை இருவரும் கடத்திகளாக இருந்தால்தான் உங்கள் 25 சதவீதம்.

கேள்வி (அவரே): நெருங்கிய உறவில் மணந்தவர்கள் என்றால்?

பதில்: ஒடுங்கு வகைக்கு வாய்ப்பு கூடும். கூடுவது வேறு, உறுதியாவது வேறு. புதுப் பிறழ்வு என்றாலும் மறுபடி வரும் அபாயம் பூஜ்ஜியமல்ல. பெற்றோர் ஒருவரின் இனப்பெருக்கச் செல்களில் ஒரு பகுதியில் அது ஒளிந்திருக்கலாம்.

கேள்வி: என்ன மாதிரி எடுக்க வேண்டும்?

பதில்: மரபணுச் சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) குழாயில் இரத்தம், குழந்தையுடையது மட்டுமல்ல, தாய் தந்தையுடையதும். தோல் துண்டைப் புதிதாக உண்டாக்கிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். பழைய கொப்புளத்தில் ஆறத் தொடங்கிய தோல் பிரிந்த மட்டத்தைத் தவறாகக் காட்டும். இம்யூனோஃப்ளோரசன்ஸ் (தோல் புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) பார்க்க வேண்டிய துண்டை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் வீண். அதற்கென உள்ள மைக்கேல் கரைசலில் அனுப்புங்கள்.

கேள்வி: எங்களுக்கும் நோய் இல்லை, குழந்தைக்கு இருக்கிறது. 25 சதவீதமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மூவரின் அறிக்கையும் வராமல் எண் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அடுத்த கருவைச் சோதிக்கலாமா?

பதில்: கர்ப்பத்தின் 11ஆம் வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்கலாம். ஆனால் எந்தப் பிறழ்வைத் தேடுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கருத்தரித்த பின் முதல் குழந்தையின் சோதனையைத் தொடங்கினால் வாரங்கள் போதாமல் போகும், இப்போதே கொடுங்கள்.