‘டிஃப் லாக் உண்டு’ என்றார்கள், வண்டியில் காணோம்

கேள்வி: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைத் தனிநபரிடம் வாங்கினேன். பின்பக்க டிஃப் லாக் (இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகவே சுற்றவைக்கும் பூட்டு) இருப்பதாக விற்றவர் விளம்பரம் செய்திருந்தார். சேற்றில் மாட்டியபோது ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றியது, மற்றது அசையவில்லை. கேட்டால், ‘உள்ளது உள்ளபடி என்றுதானே கையெழுத்துப் போட்டீர்கள்’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. முதலில் அந்த விளம்பரத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வெறும் ‘டிஃப் லாக்’ என்று இருந்தால் சிக்கல்தான். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் பலவற்றில் ‘டிஃப் லாக்’ பொத்தான், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நடு டிஃபரன்ஷியலை (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பை) பூட்டுவது. அதைத்தான் சொன்னேன் என்று அவர் நழுவலாம். ‘பின்பக்க’ என்ற சொல் விளம்பரத்திலோ வாட்ஸப்பிலோ இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து, லாக் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வழக்கமாகப் பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ‘லாக் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி எடுத்த வீடியோவை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கரும், மின்சாரத்தால் பூட்டும் எலக்ட்ரிக் லாக்கரும் சுவிட்ச் போடாதவரை சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரியே சுற்றும். ஈட்டன் நிறுவனத்தின் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கர், இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும்; கை வேகம் அதற்குப் பற்றாது. இரண்டும் ஒரே திசையில் சுற்றினாலும், அது முழுதாகப் பூட்டாமல் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்த மட்டும் செய்யும் லிமிடெட் ஸ்லிப்பாக இருக்கலாம்.

அதனால் இரு தரப்புக்கும் வேண்டப்படாத ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஆக்ஸிலில் (சக்கர அச்சில்) உள்ள குறியீடு என்ன, டிஃபரன்ஷியல் கூட்டுக்கு ஒயரோ காற்றுக் குழாயோ போகிறதா, மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, எல்லாம் படத்தோடு வேண்டும். திறக்கும் நாளை விற்றவருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘நீங்களே கழற்றிவிட்டீர்கள்’ என்பார்.

லாக் இருந்து, பழுதாகிக் கிடந்தால் ‘உள்ளது உள்ளபடி’ பெரும்பாலும் அவரைக் காப்பாற்றிவிடும். இல்லவே இல்லை என்றால் கதை வேறு. விவரித்துச் சொன்ன பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது பிரிட்டனின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே உண்டு; அந்த மரபில் வந்த சட்டங்களிலும் இருக்கிறது. ‘நானும் நம்பித்தான் சொன்னேன்’ என்பது மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை மீட்கலாம், பொறுப்பிலிருந்து மீட்காது. உங்கள் ஊர்ச் சட்டத்துக்கு இந்த ஆவணங்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: கோபத்தில் நீங்களே ஒரு லாக்கர் வாங்கிப் பொருத்துவது. வண்டியைத் திருப்பித் தர நினைத்தால் ஓட்டாமல் நிறுத்திவைத்து, இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள். தாமதித்தால் ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும். வண்டி பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்கிறேன் என்றால், லாக் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேளுங்கள்.