ஆதார விலை ஏறினால் மாவு விலையும் ஏறுமா?

கேள்வி: கோதுமை அமோகமாக விளைந்தால் விவசாயிக்கு லாபம்தானே? அரசு எதற்கு விலை நிர்ணயிக்க வேண்டும்?

பதில்: அமோக விளைச்சல்தான் பல நேரம் காலை வாரிவிடும். விலை பாதியானாலும் யாரும் இரண்டு மடங்கு ரொட்டி தின்பதில்லை. அதனால் வரத்து 10 சதவீதம் கூடினால் விலை 20 சதவீதம்கூடச் சரியலாம். அப்படிச் சரிந்தால், 100 மூட்டைக்கு 100 பங்கு வருமானம் கண்டவருக்கு 110 மூட்டை விற்றாலும் 88 பங்குதான் தேறும். இந்தச் சரிவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆதார விலை.

கேள்வி: அந்த ஆதார விலையை உயர்த்தினால், மாவு வாங்குபவர் தலையில்தானே விழும்?

பதில்: எந்த வழியில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வருகிற தானியத்தையெல்லாம் அரசே கொள்முதல் செய்தால், ஆலைகளும் அந்த விலைக்குக் குறைத்து வாங்க முடியாது. மாவு விலை ஏறும். போதாததற்குக் கிடங்கு வாடகை, வட்டி, வண்டு அரித்தது, நனைந்து வீணானது எல்லாம் வரிப்பணத்தில் சேரும். மலிவு விலையில் திரும்ப விநியோகித்தால் அந்த மானியமும் அதே கணக்கில்தான்.

இன்னொரு வழி, சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஆதார விலைக்குக் குறையும் தொகையை மட்டும் விவசாயிக்குக் கொடுப்பது. மாவு விலை ஏறாது. ஆனால் வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்கினால், வித்தியாசம் முழுவதும் கஜானாவிலிருந்து போகும்.

விலையைத் தாராளமாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சவூதி அரேபியாவைப் பாருங்கள். 1980களில் உலக விலையைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்கியதில், பாலைவன நாடு கோதுமையை ஏற்றுமதியே செய்தது. கரைந்தது, மீண்டும் ஊறாத நிலத்தடி நீர். 2008 முதல் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, 2016இல் நிறுத்தினார்கள்.

கேள்வி: விலை அறிவித்தும் பல விவசாயிகளின் கைக்கு அது வருவதில்லையே?

பதில்: கொள்முதல் நிலையம் அறுவடைக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். தாமதமானால், கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிய சிறு விவசாயி களத்திலேயே விற்றுவிடுவார். ஈரப்பதம் வரம்பைத் தாண்டினாலும் மூட்டை திரும்பிவிடும். காயவைக்க இடமில்லாதவருக்கு இது பெரிய இடி. பணம் வாரக்கணக்கில் இழுத்தாலும் இதே கதைதான்.

கேள்வி: ஏற்றுமதித் தடை யாருக்கு நல்லது?

பதில்: உள்நாட்டில் வாங்குபவருக்கு. 2022 மே 13 அன்று இந்தியா தடை விதித்தபோது, வெளிச்சந்தையில் ஆதார விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அரசுக் கொள்முதலும் முந்தைய ஆண்டின் பாதியைத் தொடவில்லை. விலை ஏறும்போது கதவைச் சாத்துவது, பெயர் சொல்லாமல் விவசாயியிடம் வாங்கும் வரி.