ரவுட்டரைப் பிரிக்கிற பெண்ணுக்கு ஏ.ஐ. சீட் எதற்கு?

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளின் கட்-ஆஃப் 168. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவளுடைய பெரியப்பா சொன்னார் என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. சீட் வாங்க நகையை அடகு வைக்கக் கிளம்பியிருக்கிறீர்களே, பயம் அங்கேதான். வேண்டாம். வட்டி கட்டப்போவதும் பெரியப்பா இல்லை, நான்கு வருடம் படிக்கப்போவதும் அவர் இல்லை.

வீட்டு ரவுட்டரைப் பிரித்துப் போட்டு, பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறதே என்று உங்களைத் திட்டினாளாமே. அதைக் குறும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சம்பளம் தருகிறார்கள், அம்மா.

ரவுட்டர் மாதிரி இணையக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்க பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் தடை. இணையத்தில் இணையும் வயர்லெஸ் கருவிகளை ஐரோப்பாவில் விற்க, 2025 ஆகஸ்ட் 1 முதல் பாதுகாப்பைச் சோதித்து ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஐரோப்பாவின் அடுத்த சட்டம் இன்னும் கடுமை. கருவியில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை யாராவது தாக்குதலுக்குப் பயன்படுத்துவது தெரிந்தால், 2026 செப்டம்பர் 11 முதல் தயாரிப்பாளர் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். 2027 டிசம்பரில் அந்தச் சட்டம் முழுதாக அமலாகும். அபராதம் ஒன்றரைக் கோடி யூரோ வரை, பெரிய நிறுவனமென்றால் அதற்கும் மேல் போகலாம். நம் நாட்டிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகிவிட்டது.

இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சர்க்யூட் போர்டில் பிழை பார்க்க வைக்கும் டீபக் (debug) போர்ட் திறந்து கிடக்கிறதா, அப்டேட் சரிபார்த்த பிறகுதான் ஏறுகிறதா, உள்ளே யார் யார் எழுதிய மென்பொருள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அறிக்கை எழுத வேண்டும். பாதி வேலை எழுத்து வேலைதான், மறைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கும் சோதனைக் கூடங்களுக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவை. தரமணி சிஐடி வளாகத்தில் உள்ள மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் மின்னணுக் கருவிகளுக்கான மின்காந்தச் சோதனையைப் பல காலமாகச் செய்கிறது. அந்தத் துறையின் மேல்தான் இப்போது சைபர் விதிகளும் வந்து ஏறியிருக்கின்றன. ஆனால் கேம்பஸில் இதற்கு வரிசை கட்டி வர மாட்டார்கள், தேடிப் போக வேண்டும்.

அதனால் பொறியியல் கவுன்சலிங்கில், அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில், ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பிரிவு) எடுங்கள். லேப் ஒழுங்காக நடக்கும் கல்லூரியா என்று நேரில் போய்ப் பாருங்கள். 'சைபர் செக்யூரிட்டி' என்று பெயர் வைத்த பிரிவுக்கும் ஓடாதீர்கள். இந்த வேலைக்கு ரேடியோவும் சர்க்யூட்டும் தெரிய வேண்டும். மீதியை ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

அப்புறம் ஒன்று. இ.என். 303 645 என்ற ஐரோப்பியத் தரநிலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதல் விதியே அவள் திட்டிய பாஸ்வேர்டைப் பற்றியதுதான். பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். கொட்டாவி விட்டால் என் யோசனையையும் தள்ளிவிடுங்கள். எப்படியானாலும் சாய்ஸ் பட்டியலை அவளே போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டணத்தை மட்டும் பாருங்கள்.