சம்பளம் உயர்ந்தது, வீடு ஏன் எட்டவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன. இன்றைய இளைஞர்களின் பொருளாதார எதிர்காலம், அவர்களுடைய பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இருந்ததைவிடக் கடினமானதா என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இன்றைய பிள்ளைகள் வாங்கும் முதல் மாதச் சம்பளமே நான் ஓய்வுபெறும்போது வாங்கியதைவிட அதிகம். கையில் திறன்பேசி இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை ஊர் சுற்றி வருகிறார்கள். ஆனாலும், "உங்கள் காலம் எளிது, எங்கள் காலம் கடினம்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறதா, வெறும் புலம்பலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: உண்மை இருக்கிறது, ஐயா. ஆனால் சம்பளச் சீட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. சம்பளத்தை மட்டும் வைத்துப் பேசினால் வழக்கில் நீங்களே வெல்வீர்கள். அமெரிக்காவில் 1981-க்கும் 1996-க்கும் இடையில் பிறந்தவர்களின் இடைநிலைக் குடும்ப வருமானம் (அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்), அவர்களுடைய 36 முதல் 40 வயதுக்குள், முந்தைய தலைமுறை அதே வயதில் பெற்றதைவிட 18 சதவீதம் அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டுகிறது. விலைவாசி, வரி, அரசு உதவி ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் இது. வளர்ச்சியின் வேகம் பழைய தலைமுறைகள் கண்டதைவிடக் குறைந்திருக்கிறதே தவிர, வருமானம் பின்னோக்கிப் போய்விடவில்லை.

சிக்கல் அந்த வருமானம் எதை வாங்கும் என்பதில் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்யப்படும் பொருள்கள் பலவும் மலிந்துவிட்டன. தொலைக்காட்சி, துணிமணி, தொலைபேசி அழைப்பு என ஒரு காலத்தில் வசதியின் அடையாளமாக இருந்தவை இன்று மிகச் சாதாரணம். மாறாக, மனிதர்களின் நேரத்தைக் கேட்கும் கல்வி, மருத்துவம், முதியோர் பராமரிப்பு போன்றவை விலையேறிக்கொண்டே போகின்றன. பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960-களிலேயே இதற்குக் காரணம் சொன்னார். இயந்திரம் புகுந்த துறைகளில் ஒருவரின் உற்பத்தி பல மடங்காகும்போது சம்பளமும் ஏறுகிறது. ஆசிரியரும் செவிலியரும் அத்துறைகளுக்கு ஓடிவிடாமல் இருக்க அவர்களுக்கும் சம்பளத்தை உயர்த்தியாக வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் கவனித்துக் கற்பிக்கக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. அந்த வேறுபாடு கட்டணமாக வந்து விடிகிறது.

வீட்டின் கதை வேறு. அங்கே ஏறியது பெரும்பாலும் கட்டடத்தின் விலை அன்று, அதன் அடியில் கிடக்கும் மண்ணின் விலை. வளர்ந்த 14 நாடுகளில் 1870 முதல் 2012 வரையிலான வீட்டு விலைகளைத் திரட்டிய ஆய்வொன்று, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்த விலை பெரிதாக மாறவில்லை என்றும், அதன்பின் வந்த ஏற்றத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் நிலத்தின் மதிப்பால் விளைந்தது என்றும் கண்டது. இங்கிலாந்தில் 1997-இல் நடுத்தர விலையுள்ள ஒரு வீடு, நடுத்தர ஆண்டுச் சம்பளத்தைப் போல் சுமார் மூன்றரை மடங்காக இருந்தது. 2021-இல் அது ஒன்பது மடங்கானது. பிறகு சற்றே இறங்கியிருந்தாலும் பழைய நிலையின் அருகில்கூட வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது. உழைப்பவர்கள் அதற்குள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் உங்கள் வயதினர் வட்டியை நினைவூட்டுவார்கள். நியாயந்தான். அமெரிக்காவில் 1981-இல் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. 2021-இல் அது 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஆனால் அன்றைய கடன் சிறிய அசலின்மீது வாங்கப்பட்டது. பணவீக்கமும் கடுமையாக இருந்ததால், மாதத் தவணை அதே எண்ணில் நிற்கச் சம்பளத்தின் எண் ஆண்டுதோறும் ஏறியது. சில ஆண்டுகளில் தவணையின் பாரம் தானாகவே குறைந்தது. வட்டி இறங்கியபோது பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் புதிய கடனுக்கு மாறவும் பலரால் முடிந்தது. இன்று பெரிய அசலில் தொடங்குபவருக்கு, வட்டி குறைந்தாலும் அசல் குறைவதில்லை.

கேள்வி: திறன்பேசி, வெளியே சாப்பிடுவது, சுற்றுலா ஆகியவற்றைக் குறைத்தாலே வீடு வாங்கிவிடலாமே?
– ஒரு தந்தை

பதில்: சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை மூன்றரை ஆண்டுச் சம்பளம் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றும் கொள்வோம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பவர் மூன்றரை ஆண்டில் முன்பணத்தைச் சேர்த்துவிடுவார். விலை ஒன்பது ஆண்டுச் சம்பளமாகிவிட்டால், அதே சிக்கனத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்படும். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவர் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். சம்பளத்தைவிட வீட்டின் விலை வேகமாக ஏறினால் இலக்கும் நகர்ந்துகொண்டே போகும். சிக்கனம் நல்ல பழக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த இடைவெளியை அடைக்கும் அளவு அதற்கு வலு இல்லை.

கேள்வி: என் தந்தை ஒரே ஒரு பட்டம் பெற்றார், அந்த ஆண்டே வேலை கிடைத்து, அதே நிறுவனத்தில் ஓய்வுபெற்றார். நான் இரண்டு பட்டங்கள் பெற்றும் மூன்றாவது ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். படிப்புக்கு மதிப்பே போய்விட்டதா?
– முதுகலைப் பட்டதாரி ஒருவர்

பதில்: மதிப்பு போய்விடவில்லை. பட்டம் பெற்றவர், பெறாதவரைவிடச் சராசரியாக இன்றும் அதிகம் சம்பாதிக்கிறார். ஆனால் உங்கள் தந்தையின் காலத்தில் பட்டம் ஒருவரைக் கூட்டத்திலிருந்து தனியே நிறுத்தியது. இன்று அது கூட்டத்துக்குள் நுழைவதற்கே தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு அதன் செலவும் பொதுக் கருவூலத்திலிருந்து மாணவரின் தோளுக்கு மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1998-க்கு முன் உள்நாட்டு மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டணம் எதுவும் செலுத்தவில்லை. அந்த ஆண்டில் 1,000 பவுண்டாகத் தொடங்கிய ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு, 2006-இல் 3,000 பவுண்டாகவும் 2012-இல் 9,000 பவுண்டாகவும் உயர்ந்தது. அமெரிக்காவில் கல்விக் கடனின் மொத்த நிலுவை 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே கடனாளியாக இருப்பது, உங்கள் தந்தையின் தலைமுறையில் பெரும்பாலானோர் அறியாத அனுபவம்.

இதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது, ஒருவர் வேலைச் சந்தைக்குள் காலெடுத்து வைக்கும் ஆண்டு. எல்லாத் தலைமுறைகளிலும் நற்பேறு பெற்ற ஆண்டுகளும் சபிக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. மந்தநிலையின்போது பட்டம் பெற்ற கனடா நாட்டு மாணவர்களை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய சம்பளக் குறைவு முழுவதும் ஈடாக ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆவதைக் கண்டார்கள். ஜப்பானின் நிலை இன்னும் கடுமையானது. அங்கே நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் புதிய பட்டதாரிகளை மொத்தமாக வேலைக்குச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்தக் கதவு மூடிவிட்டால் பின்னால் நுழைவது அரிது. 1990-களின் தொடக்கத்தில் நிலம், பங்கு ஆகியவற்றின் விலைகள் சரிந்தபின், ஏறத்தாழ 1993-க்கும் 2005-க்கும் இடையில் படிப்பை முடித்தவர்களை 'வேலைவாய்ப்புப் பனிக்காலத் தலைமுறை' என்று அந்நாட்டில் அழைக்கிறார்கள். அவர்களுள் பலர் தற்காலிக வேலைகளிலேயே நடுவயதை எட்டினார்கள். 2019-இல் அரசு அவர்களுக்கென்று தனித் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

கிரீஸில் 2013-இல் வேலைச் சந்தையில் இருந்த இளைஞர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு வேலை இல்லை. ஆகவே ஒப்பந்தம் மாறி ஒப்பந்தமாக நீங்கள் அலைவதை உங்கள் தகுதிக் குறைவாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லலாம். தொடக்கத்தில் பின்தங்கியவர்களுள் முன்னேறியவர்கள் பெரும்பாலும், நிலைமை சீரானவுடன் நல்ல நிறுவனங்களுக்கு இடம் மாறியவர்கள்தாம் என்பதும் அதே கனடா ஆய்வில் தெரியவந்தது. கிடைத்த இடத்திலேயே விசுவாசமாக இருந்தால் மேலே வந்துவிடலாம் என்ற உங்கள் தந்தையின் அறிவுரை, அவருடைய காலத்துக்குப் பொருந்தியது போல் உங்கள் காலத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: "அந்தக் காலம் பொற்காலம்" என்று எல்லோரும் பேசுகிறார்கள். என் பாட்டிக்குச் சொந்தமாக ஒரு வங்கிக் கணக்குகூட இருந்ததில்லை. யாருக்குப் பொற்காலம்?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: இந்த மாதக் கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையது. பிரான்ஸில் திருமணமான பெண் கணவரின் அனுமதியின்றி வங்கிக் கணக்குத் தொடங்கவோ வேலைக்குச் செல்லவோ 1965 வரை முடியவில்லை. அயர்லாந்தில் அரசுப் பணியிலிருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் பணியை விட்டு விலக வேண்டும் என்ற விதி 1973 வரை நடைமுறையில் இருந்தது. பாலினத்தையோ மண நிலையையோ காட்டிக் கடன் மறுப்பதை அமெரிக்கா சட்டத்தால் தடுத்தது 1974-இல்தான். ஒரு சம்பளத்தில் வீடு வாங்கிக் குடும்பம் நடத்திய அந்தக் காலத்தைப் புகழ்பவர்கள், அந்த வீட்டின் இன்னொரு உழைப்பாளிக்குச் சம்பளமே இல்லை என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பொற்காலம் என்று சுட்டப்படுவது பெரும்பாலும் 1945 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை, மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஜப்பானும் கண்ட முப்பது ஆண்டு வளர்ச்சியைத்தான். போரில் அழிந்ததை மீண்டும் கட்டியெழுப்பியதும் மலிவான எண்ணெயும் சேர்ந்து உருவாக்கிய விதிவிலக்கு அது. அதற்கு முந்தையவர்கள் பெருமந்தத்தைக் கண்டார்கள். 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களுள் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. விதிவிலக்கான ஒரு தலைமுறையை அளவுகோலாக வைத்தால் அதற்குப் பின் வரும் எவரும் குட்டையாகவே தெரிவார்கள்.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் படம் தலைகீழாகிறது. 1990-இல் மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் கொடிய வறுமையில் இருந்தார்கள். 2019-இல் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆசிய நாடுகள் பலவற்றில் இன்றைய இளைஞரின் வாழ்க்கைத் தரத்தை அவருடைய தாத்தா கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார். ஆனாலும் வேகமாக வளர்ந்த அந்த நாடுகளிலும் இளைஞர்களின் மனக்குறை தீர்ந்துவிடவில்லை. தென் கொரியாவில் காதல், திருமணம், குழந்தை ஆகிய மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இளைஞர்கள், வீட்டு விலையையும் வேலைப் போட்டியையுமே காரணம் காட்டுகிறார்கள். 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தைதான். சீன நகரங்களில் 2023 ஜூனில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. அதற்குப் பின் சில மாதங்கள் அரசு அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவைத்தது. ஆனால் அதே ஆண்டில் உலகச் சராசரி 13 சதவீதமாக இறங்கி, பதினைந்து ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவை எட்டியதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூறியது.

கேள்வி: முந்தைய தலைமுறை சேர்த்த வீடும் பணமும் கடைசியில் பிள்ளைகளுக்குத்தானே வரப்போகின்றன? பிறகு என்ன குறை?
– ஒரு வாசகர்

பதில்: வரும். ஆனால் எப்போது, யாருக்கு என்பதே கேள்வி. பெற்றோர் நீண்ட காலம் வாழும் நாடுகளில், பிள்ளைகளுக்குச் சொத்து வந்து சேரும்போது அவர்களுக்கே ஐம்பது, அறுபது வயதாகிவிடுகிறது. குழந்தைகளை வளர்ப்பதற்கு இடம் தேவைப்பட்ட முப்பதாவது வயதில் அது உதவுவதில்லை. முதியோர் பராமரிப்புச் செலவில் கரைந்துபோகவும் கூடும்.

'யாருக்கு' என்பது இன்னும் கடினமான கேள்வி. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 1940-இல் பிறந்தவர்களுள் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் முப்பது வயதில் தம் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களுள் ஏறத்தாழ 50 சதவீதத்தினரே அந்நிலையை எட்டினார்கள். முதல் பதிலில் நான் சொன்ன 18 சதவீத உயர்வுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஒரு தலைமுறையின் நடுப்புள்ளியை முந்தைய தலைமுறையின் நடுப்புள்ளியோடு ஒப்பிடுவது ஒன்று. ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் பெற்றோரோடு ஒப்பிடுவது வேறொன்று. நாடு முழுவதன் வளர்ச்சி வேகத்தை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் பெரிய பயன் இராது என்பதையும், வளர்ச்சியின் பலன் 1940-இல் பிறந்தவர்களின் காலத்தில் போலப் பரவலாகப் பகிரப்பட்டிருந்தால் இந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மறைந்திருக்கும் என்பதையும் அதே ஆய்வு கணித்துக் காட்டியது.

ஆகவே இதைத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. ஒரே வகுப்பில் படித்து, ஒரே சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த இருவருள், முன்பணத்தைப் பெற்றோரிடம் வாங்கியவர் இருபத்தெட்டு வயதில் வீட்டுக்காரர் ஆகிறார். வாங்க வழியில்லாதவர், அதே திறமையோடு, நாற்பதிலும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார். உழைப்பால் எட்டக்கூடியதற்கும் பிறப்பால் கிடைப்பதற்கும் இருந்த விகிதம் மாறிவிட்டது. இளைஞர்களின் கசப்பில் நியாயமான பகுதி இதுவே.

கேள்வி: இது மாறவே மாறாதா?
– அதே முதுகலைப் பட்டதாரி

பதில்: மாற்றிக் காட்டிய இடங்கள் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் நகராட்சி 1920-களிலிருந்து பொதுக் குடியிருப்புகளைக் கட்டிவருகிறது. இன்று அந்நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சியின் வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வசிக்கிறார்கள். வீடு கட்டுவதற்கான விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவாக இருப்பதால், டோக்கியோவில் புதிய குடியிருப்புகள் எளிதில் எழுகின்றன. ஆனால் எங்கும் எதிர்ப்பு ஒரே பக்கத்திலிருந்து வருகிறது. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்குப் புதிய வீடுகள் பெருகுவது தம் சொத்தின் மதிப்புக் குறைவாகத் தெரிகிறது. அவர்கள் வயதில் மூத்தவர்கள். பல நாடுகளில் இளைஞர்களைவிடத் தவறாமல் வாக்களிப்பவர்களும் கூட. நகராட்சித் தேர்தல் நாளில் நீங்கள் வாக்களித்தீர்களா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் நகரத்தில் கட்டட அனுமதிகளைத் தடுப்பவர்கள் அன்று கட்டாயம் வாக்களித்திருப்பார்கள்.