கட்டற்ற கால்சியம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சோயா பால் டப்பாவில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் என்கிறார்கள். கால்சியம் அயனியை அளக்கும் எலெக்ட்ரோடு காட்டுவதோ அதில் துளிதான். கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. 120 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 30 மில்லிமோல். அது மொத்தக் கணக்கு. சோயா பாலில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது பாஸ்பேட்டைத்தான் சேர்க்கிறார்கள். இரண்டுமே சரியாகக் கரையாத தூள்கள். கரைந்த கொஞ்சத்தையும் புரதமும், சோயாவிலேயே உள்ள பைட்டேட் என்ற பொருளும் பிடித்து வைத்துக்கொள்ளும். எலெக்ட்ரோடுக்குத் தெரிவது எதனோடும் ஒட்டாமல் திரியும் அயனி மட்டும். மொத்த அளவு வேண்டுமானால் மாதிரியைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும்.

கட்டற்ற கால்சியத்தை அளக்க, அதைப் பிடிக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கணக்கிடும் டைட்ரேஷன் செய்தால் போதாதா?

போதாது. ஈடிடிஏ புரதத்திடமிருந்தும் கால்சியத்தைப் பிடுங்கிவிடும்.

பாலில் நேராகவே எலெக்ட்ரோடை வைக்கலாமா, நீர்க்க வேண்டுமா?

நேராகவே வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் சமநிலை மாறி, கட்டுண்ட கால்சியம் கொஞ்சம் விடுபடும். பொட்டாசியம் குளோரைடை மாதிரியில் கொட்டினாலும் இதே தொல்லை. உப்பை, கால்சியம் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களில் சேர்த்து, அயனி வலிமையை (கரைந்துள்ள எல்லா அயனிகளின் மொத்தத் தாக்கத்தை) மாதிரியோடு ஒத்துப்போகச் செய்வதே நல்லது. 0.1, 1, 10 மில்லிமோல் என மூன்று கரைசல்கள் போதும். கால்சியம் பத்து மடங்கானால் எலெக்ட்ரோடின் மின்னழுத்தம் 25 டிகிரியில் 29.6 மில்லிவோல்ட் ஏற வேண்டும் என்பது கோட்பாடு; 26க்குக் கீழே போனால் நான் அந்த எலெக்ட்ரோடை நம்ப மாட்டேன். ஏன் இவ்வளவு கறார் என்றால், 1 மில்லிவோல்ட் பிசகினாலே விடையில் சுமார் 8 சதவீதம் போய்விடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே அளக்காதீர்கள். 5 டிகிரியில் அந்த 29.6 மில்லிவோல்ட் ஏற்றமே 27.6 ஆகிவிடும். அப்புறம், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் கூடவே குறித்து வையுங்கள். அது இல்லாத கால்சியம் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நாலைந்து மாதிரிக்குப் பிறகு எண் நிற்காமல் நழுவுகிறது.

சவ்வில் கொழுப்பும் புரதமும் படிந்திருக்கும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் அயனி நீக்கிய நீரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றியெடுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு 10 மில்லிமோல் கால்சியம் குளோரைடில் சற்று ஊறவிட்டு, ஸ்டாண்டர்டை மறுபடி பாருங்கள். சவ்வின் அடியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஆடும்.

கட்டற்ற கால்சியம் கூடுதலாக இருந்தால் உடம்பில் அதிகம் சேருமா?

அப்படிச் சொல்ல முடியாது. கரையாத கார்பனேட்டும் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். இந்த எண் பெரிதும் உதவுவது வேறிடத்தில்: சூடாக்கும்போது சோயா பால் திரியுமா என்று கணிக்க. அயனி கூடக் கூட, பிஎச் குறையக் குறைய, புரதம் சீக்கிரம் திரளும்.