மூடி முழுதாக மூடவில்லை என்றால்...

கேள்வி: 12 மி.மீ. பலகையில் சிறிய பெட்டி ஒன்று செய்தேன். கடையில் பித்தளை என்று சொல்லித் தந்த இரண்டு கீல்களைப் பொருத்தினேன். மூடியின் முன்பக்கம் 3 மி.மீ. திறந்தே நிற்கிறது. அழுத்தினால் மூடுகிறது, கையை எடுத்தால் எழுந்துவிடுகிறது. ஒரு திருகாணியும் உள்ளேயே உடைந்துவிட்டது. வேறு கீல் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வாங்க வேண்டியிருக்காது. முதலில், மூடியை அழுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தமும் திருகாணியை மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறது.

கீலுக்கு அருகே ஏதோ இடிக்கிறது. பெரும்பாலும் அது திருகாணியின் தலை. தலைகளின் மேல் சாக்பீஸைத் தேய்த்து மூடியை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். எதிர்த் தகட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் குற்றவாளி அதுதான். கீலின் அச்சு ஊசியிலிருந்து 8 மி.மீ. தள்ளி இருக்கும் தலை கால் மில்லிமீட்டர் இடித்தால் போதும், 100 மி.மீ. தள்ளி இருக்கும் முன்விளிம்பில் அது 3 மி.மீ. இடைவெளியாகிவிடும்.

கீலோடு பொட்டலத்தில் தரும் திருகாணிகளின் தலை, அந்தக் கீலின் குழியிலேயே அடங்காமல் போவதை நான் ஆண்டுக்கணக்கில் பார்க்கிறேன். அட்டையில் கீலின் நீளத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தகட்டின் கனத்தையோ திருகாணியின் அளவையோ போடுவதில்லை. இரண்டு எண்களை அச்சிட அப்படி என்ன சிரமம்? தலை சிறிதான திருகாணியை மாற்றிப் போடுங்கள், அல்லது குழியைச் சற்று அகலப்படுத்துங்கள்.

புள்ளி விழவில்லையா? அப்படியானால் தகடு அமரும் பள்ளம் ஆழமாகிவிட்டது. தகட்டைக் கழற்றி, அடியில் விசிட்டிங் கார்டுத் துண்டு ஒன்றை வைத்து மறுபடி முடுக்கிப் பாருங்கள். சரியாக மூடினால் அதே கனத்தில் மரச்சீவலை ஒட்டி நிரந்தரமாக்கிவிடலாம். அடுத்த பெட்டிக்கு ஓர் அளவைச் சொல்கிறேன்: கீலின் உருளை (ஊசி நுழையும் குழல்) 5 மி.மீ. கனம் என்றால், பள்ளத்தின் ஆழம் பெட்டியில் 2.5, மூடியில் 2.5. விளிம்பைப் பென்சிலால் குறிக்காதீர்கள், கூர்மையான கத்தியால் கீறுங்கள். அந்தக் கீறலில் உளி தானே போய் உட்காரும்.

இனி அந்தப் 'பித்தளை'. இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். இரும்புக்கோ துத்தநாகக் கலவைக்கோ மஞ்சள் முலாம் பூசி, பித்தளை என்றே விற்றுவிடுகிறார்கள். காந்தத்தைத் தகட்டில் வையுங்கள், ஒட்டினால் இரும்பு. ஆனால் உருளைப் பகுதியில் மட்டும் ஒட்டினால் பதறிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நல்ல பித்தளைக் கீலிலும் உறுதிக்காக உள்ளே எஃகு ஊசியைச் செருகுவது உண்டு. ஆகவே ஊசியிலிருந்து தள்ளி, தகட்டின் ஓரத்தில் சோதியுங்கள். சிறிய கீலில் ஊசியின் இழுப்பு ஓரம் வரைக்கும்கூடத் தெரியும். அப்போது காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். உருளையை நோக்கிச் சாய்ந்தால் தகட்டின்மேல் பழி இல்லை. துத்தநாகத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. அதற்கு, மரத்துக்குள் மறையும் பக்கத்தில் அரத்தால் ஓர் இழுப்பு போதும். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் வெள்ளை தெரிந்தால் அது பித்தளை அல்ல.

கடையிலேயே இன்னொன்றும் செய்யுங்கள். இரு தகடுகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடும் கீலை எவ்வளவு நுட்பமாகப் பொருத்தினாலும் மூடி ஒரு பக்கம் நகர்ந்துதான் உட்காரும்.

உடைந்த திருகாணி பித்தளையாகவே இருக்கும். அது மென்மையான உலோகம். கடின மரத்தில் நேராக முடுக்கினால் கழுத்தில் முறியும். முதலில் சிறு துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். புரி விழுந்த பாதையில், மெழுகு தேய்த்த பித்தளைத் திருகாணி எளிதாக இறங்கும். எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒரு நிமிட வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

உடைந்ததை எடுக்க, அதைச் சுற்றி மெல்லிய டிரில்லால் நெருக்கமாகத் துளையிட்டு, தளர்ந்ததும் குறடால் இழுங்கள். குழியைச் சுத்தமான வட்டமாக்கி, அதே மரத்தில் செய்த முளையைப் பசையோடு அடித்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிய துளை போடுங்கள். மூடிப் பக்கத் திருகாணியின் நீளத்தைப் பலகையோடு வைத்து ஒப்பிடாமல் முடுக்கினால் முனை மேலே எட்டிப்பார்க்கும்.

மறுபடி பொருத்தும்போது ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு திருகாணி போட்டு, பத்து முறையாவது மூடித் திறந்து பார்த்த பிறகே மற்றவற்றை முடுக்குங்கள்.