பிளாக்பெர்ரி பிரிவ் போனின் கீபோர்டு கைக்குப் பழக என்ன செய்யலாம்?

கேள்வி: கீபோர்டு உள்ள போன் மேல் ரொம்ப நாள் ஆசை. பெட்டி பிரிக்காத பழைய பிளாக்பெர்ரி பிரிவ் ஒன்று கிடைத்தது, வாங்கிவிட்டேன். ஆனால் திரையில் தட்டுவதைவிட இதில் மெதுவாகத்தான் வருகிறது. திரையை மேலே தள்ளி, அதற்கு அடியில் இருக்கிற கீபோர்டை வெளியே எடுத்தால் போன் பின்பக்கமாகச் சாய்கிறது. தமிழும் அடிக்க முடியவில்லை. பழகிவிடுமா, விற்றுவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். மூடியிருக்கும்போது 147 மி.மீ. இருக்கிற போன், திறந்தால் 184 மி.மீ. ஆகிறது, திரை முழுக்க மேலே ஏறிவிடுகிறது, அப்போது அடியை மட்டும் பிடித்தால் சாயத்தான் செய்யும். சுண்டுவிரல்களைக் கீழே முட்டுக் கொடுத்து, ஆள்காட்டி விரல்களை முதுகில் கொஞ்சம் உயரத்தில் வைத்துத் தாங்குங்கள். திறக்கும்போது கண்ணாடியைத் தள்ளாதீர்கள், ஏதாவது செயலி திறந்துகொள்ளும். கீழே ஸ்பீக்கர் இருக்கிற விளிம்பில் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளினால் போதும், மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் வேகம். இந்தக் கீபோர்டை வெறும் பட்டன்களாகப் பயன்படுத்தினால் திரைதான் ஜெயிக்கும். இதன் மேற்பரப்பு முழுக்கத் தொடுதலை உணரும், பிரிவின் உண்மையான அருமையே அதுதான். பட்டனை அழுத்தாமல் விரலை மேலும் கீழும் தடவினால் பக்கம் நகரும், திரையில் எதையும் மறைக்காமல் படிக்கலாம். இடப்பக்கம் இழுத்தால் கடைசி வார்த்தை அழியும். தட்டும்போது மேலே மூன்று வார்த்தைகள் வரும், வேண்டியதற்கு நேர் கீழே விரலை மேல்நோக்கிச் சுண்டினால் அது வந்து உட்காரும். பிழை திருத்த இரண்டு முறை லேசாகத் தட்டிவிட்டுத் தடவுங்கள், கர்சர் எழுத்து எழுத்தாக நகரும். இது பழகிவிட்டால் கண்ணாடி மேல் விரலை வைத்துக் கர்சரோடு மல்லுக்கட்ட மனசே வராது. முகப்புத் திரையில் இருக்கும்போது ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம்: அ‌ம்மாவைக் கூப்பிட ஒரு எழுத்து, கேமராவுக்கு ஒரு எழுத்து. முதலில் நாலைந்து போதும், அதிகம் வைத்தால் மறந்துபோகும்.

தமிழுக்கு, ஆண்ட்ராய்டு 6-இல் ஓடுகிற தமிழ்க் கீபோர்டு செயலி ஒன்றைப் போட்டு, ஸ்லைடை மூடிவிட்டுத் திரையிலேயே அடியுங்கள். பட்டன்களில் தமிழ் எழுத்து இல்லாதபோது அதோடு போராடுவது வீண்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2015-இல் வந்த இந்தப் போனுக்கு ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் எதுவும் வரவில்லை, பாதுகாப்பு அப்டேட்டும் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. வங்கிச் செயலி, யுபிஐ எதையும் இதில் போடாதீர்கள், அதற்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலேயே கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும், அதுவும் இதில் கழற்ற முடியாத 3410 எம்ஏஎச் பேட்டரி. சார்ஜ் சட்டென்று இறங்கினாலோ முதுகு லேசாகப் புடைத்தாலோ உடனே அணைத்துவிட்டு, பேட்டரி மாற்றத் தெரிந்த கடையில் கொடுங்கள்.